காதால் கேட்ட போர்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் கடலூர்ச் சேதிகளும் வாசிப்பில் அமையும் எழுத்துக்களமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வரலாற்றறிஞர்க்கு ஆவணமாகவும் மொழியறிஞர்க்குச் சொற்களஞ்சியமாகவும் பயன்பட்டு வந்துள்ளது. அதன் போர்க்காலப் பகுதிகளைச் 'சேதி' என்னும் உரைநடை வடிவமாக வாசிக்க இயலும் என்பதும், அவ்வாறு வாசிப்போர் தத்தம் எழுத்துக்களத்தை அதனுள் கண்டடைகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். சிதம்பரத்தில் பணியாற்றிய சி.எஸ். சீனிவாசாச்சாரி, புதுவையின் புதினப் படைப்பாளர் பிரபஞ்சன் ஆகிய இருவரின் வாசிப்புகளும், கடலூரைச் சார்ந்த இக்கட்டுரையாளரின் வாசிப்பும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாட்குறிப்பு, சேதி, துபாஷி, தேவனாம்பட்டணம், சிதம்பரம், கருநாடகப் போர்கள், பதினெட்டாம் நூற்றாண்டு உரைநடை

முன்னுரை

ஆய்வுக் கட்டுரையில் தன்மை இடம் தவிர்க்கப்பட வேண்டும் என்பது நம் துறைகளில் நிலைபெற்ற வழக்கு. இக்கட்டுரையின் பொருளே ஒருவர் வாசிப்பு அவரை எங்குக் கொண்டு சேர்க்கிறது என்பதாதலின், சில இடங்களில் அவ்வழக்கை மீற வேண்டியுள்ளது.

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் பதிவு செய்த தலைப்பு, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பிறமொழிச் சொற்கள் என்பது. பாரசீகம், பிரெஞ்சு, போர்த்துகீசியம், தெலுங்கு, மராத்தி ஆகியவற்றிலிருந்து புகுந்த சொற்களை அட்டைகளில் எழுதி வகைப்படுத்துவது திட்டம். ஏறத்தாழ ஓராண்டு அவ்வாறே கழிந்தது. அட்டைகள் பெருகின, எழுதுவதற்குரிய ஆவல் பெருகவில்லை. இது சோம்பல் என்றே முதலில் எண்ணினேன்.

பின்னர், 1746 முதல் 1748 வரையிலான பகுதிகளை அட்டைக்காக அன்றி, நாள் வரிசையில் வெறுமனே படித்தபோது ஒன்று தெரிந்தது. என் கண் ஒவ்வொரு பக்கத்திலும் கடலூர் என்னும் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. நான் பிறந்து வளர்ந்தது கடலூரில். தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு, இன்று எல்லாரும் சில்வர் பீச் என்று அழைக்கும் இடத்திற்கு, செல்லும் வழியில் கெடிலத்தின் கரையில்தான் புனித டேவிட் கோட்டை நின்றது என்பதைப் பள்ளிப் பருவத்தில் எவரும் எங்களுக்குச் சுட்டிக் காட்டியதில்லை. சுட்டிக் காட்டவும் பெரிதாக ஒன்றும் எஞ்சவில்லை. புதுச்சேரியில் இருந்துகொண்டு பிள்ளை எழுதிய பக்கங்களில்தான் என் ஊர் நாள்தோறும் பதற்றத்துடன் நடமாடியது. ஆனால் அது எப்பொழுதும் பிறர் சொல்லிக் கேட்ட ஊராகவே இருந்தது. இந்தக் 'கேட்ட' என்னும் நிலையே என் ஆய்வின் திசையைத் திருப்பியது.

நாட்குறிப்பும் அது அச்சேறிய வழியும்

ஆனந்தரங்கர் 1709 இல் பிறந்தவர், தந்தை திருவேங்கடம் பிள்ளையோடு சென்னைப் பகுதியிலிருந்து புதுச்சேரிக்கு வந்தவர், வணிகர், 'ஆனந்தப்புரவி' என்னும் கப்பலுக்கு உடைமையாளர், கனகராய முதலியின் மறைவுக்குப் பின் துய்ப்ளே காலத்தில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். அவர் 1736 செப்டம்பர் 6 அன்று, நள ஆண்டு ஆவணியில், எழுதத் தொடங்கிய குறிப்பு 1761 சனவரி வரை நீள்கிறது. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்த 1761 சனவரி 16 ஆம் நாளுக்குச் சில நாட்கள் முன்னர் அவர் உயிர் பிரிந்தது.

1846 இல் கலுவா மோன்பிரேன் இந்நாட்குறிப்பைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். அரியேல் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. வின்சோன் 1894 இல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் தந்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. முதல் மூன்று தொகுதிகள் பிரைசு, ரங்காச்சாரி ஆகியோர் பொறுப்பிலும், எஞ்சியவை டாட்வெல் பொறுப்பிலும் வந்தன. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948 இல்தான். அதாவது, தமிழில் எழுதப்பட்ட நூலின் ஆங்கில ஆக்கம் நிறைவு பெற்று 20 ஆண்டுகள் கடந்த பின்னரே தமிழ் வாசகர் அதன் முதல் பக்கத்தைத் தமிழில் அச்சில் கண்டனர். மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பித்த 12 தொகுதிகள் அண்மையில் வந்த பிறகுதான் முழுமையை ஒரே பதிப்பில் தொடர்ந்து வாசிக்கும் வாய்ப்பு என் போன்றோர்க்குக் கிட்டியது.

இந்தத் தலைகீழ் வரிசை ஒரு விளைவை உண்டாக்கியது. நாட்குறிப்பு முதலில் ஆங்கிலவழிச் செய்தியாக அறியப்பட்டது, உரைநடையாக அறியப்படவில்லை. தமிழ் உரைநடை வரலாறுகளில் வீரமாமுனிவர்க்கும் நாவலர்க்கும் வாய்த்த இடம், முனிவரின் சமகாலத்தவராகிய பிள்ளைக்கு வாய்க்காமைக்கு இது முதன்மைக் காரணமன்று எனினும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

செவியில் விழுந்த போர்

நாட்குறிப்பின் தொடக்கத்தில் தாம் எழுதப் போவன எவை என்று பிள்ளை அறிவிக்கும் இடம் நன்கு அறியப்பட்டது. அங்கு அவர் காதால் கேட்பதை முதலிலும் கண்ணால் காண்பதை அடுத்தும் வைக்கிறார்; அதன் பின்னரே கப்பல்களின் வரவும் போக்கும், புதுமைகளும் வருகின்றன. இவ்வரிசையைத் தற்செயலானது என்று கடந்துவிடலாம். ஆனால் போர்க்காலப் பகுதிகளை வாசித்து முடித்தபின் அவ்வாறு கடக்க மனம் ஒப்பவில்லை.

1746 செப்டம்பரில் லாபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். பிரெஞ்சுக்காரர் வழங்கிய கிரெகோரியன் கணக்கில் அது 21 ஆம் நாள். ஆங்கிலேயர் அப்போது வழங்கிய பழைய கணக்கில் 10 ஆம் நாள். பிள்ளைக்கு அது அட்சய ஆண்டுப் புரட்டாசி. தமிழ் நாளையும் ஐரோப்பிய நாளையும் இணைத்தெழுதும் பழக்கம் அவருக்கு இருந்தமையால், இரு கும்பெனிகளின் ஆவணங்களையும் ஒப்பிட முனைவோர்க்கு 11 நாள் குழப்பத்தைத் தீர்க்கும் ஆணியாக அவர் குறிப்பு அமைகிறது. சென்னை வீழ்ந்ததும் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டணத்துக் கோட்டைக்கு மாறியது. 1752 வரை அங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய இளம் எழுத்தர் இராபர்ட் கிளைவும் அங்கேதான் வந்து சேர்ந்தார். ஆக, அந்த ஆண்டுகளில் இரு தலைநகரங்களும் ஒரே கரையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இடைவெளியில், தென்பெண்ணையின் இருபுறமும் இருந்தன. ஒரு பகல் நடையில் சேதி வந்து சேரும் தொலைவு. உண்மையும் பொய்யும் ஒரே ஆளின் வாயில் வந்து சேரும் தொலைவும் அதுவே.

1746 டிசம்பரில் பிரெஞ்சுப் படை கடலூரை நோக்கிச் சென்று மஞ்சக்குப்பத்துத் தோட்ட மாளிகையில் தங்கி, நவாபின் படையால் எதிர்பாராது தாக்கப்பட்டுப் பின்வாங்கியது. 1747 மார்ச்சில் மீண்டும் ஒரு முயற்சி. 1748 ஜூனில் மற்றொன்று. ஆகஸ்டில் நிலை மாறியது: போசுகாவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அக்டோபரில் கைவிட்டனர். இவற்றுள் இறுதியது ஒன்றையே பிள்ளை தம் கண்ணெதிரில் கண்டார். எஞ்சிய அனைத்தும் அவருக்குச் செவிவழிப் போர்களே.

செவிவழிச் செய்தியை அவர் எழுதும் முறை தனித்தது. நூலிலிருந்து எடுத்துக்காட்டுவதினும், அதன் அமைப்பு விளங்குமாறு நானே அமைத்த ஒரு வாக்கியத்தைத் தருவது நன்று: கூடலூர்ச் சந்தைக்குப் போன ஆள், அங்கே கோட்டைக்குள்ளே அரிசி ஏற்றுகிறார்கள் என்று படகுக்காரர் பேசிக்கொண்டார்கள் என்று தன் மைத்துனன் சொன்னதாகச் சொன்னான் என்று செட்டி வந்து சொன்னார். இதில் நான்கு வாய்கள் உள்ளன. ஒவ்வொரு 'என்று'வும் ஒரு வாசல். சேதி எத்தனை வாசல் கடந்து வந்தது என்பதை வாக்கியமே கணக்கு வைத்திருக்கிறது. தொல்காப்பியம் முன்னோர் கூற்றை 'என்ப', 'மொழிப' என்னும் வினைகளால் சுட்டுவதையும், பேச்சு வழக்கில் 'வந்தானாம்' என்னும் 'ஆம்' ஈறு பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றுவதையும் நாம் அறிவோம். பிள்ளையிடம் இவ்வியல்பு, வணிகர் கணக்குப் பேரேட்டில் பற்று வரவு எழுதும் ஒழுங்கோடு இணைந்துவிட்டது. யார் கொடுத்த சேதி என்பது பேரேட்டில் யார் கொடுத்த பணம் என்பதற்கு ஒப்பாகிறது. அடுத்த நாள் அச்சேதி பொய் என்று தெரிந்தால் முந்தைய நாளை அவர் அடிப்பதில்லை. புதிய வரவாக உண்மையை எழுதுகிறார். பொய்யும் கணக்கில் நின்றுவிடுகிறது. போரைப் பற்றிப் பின்னாளில் எழுதுவோர் முடிவு தெரிந்து எழுதுகின்றனர். ஆதலின் வதந்திகளை உதிர்த்துவிடுகின்றனர். நாளுக்கு நாள் எழுதுபவர்க்கு அவ்வசதி இல்லை. அவ்வசதியின்மையே நாட்குறிப்பின் பேறு.

பதிப்புச் சிக்கல் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அக்காலக் கையெழுத்தில் நிறுத்தக்குறிகள் இல்லை. சொல் பிரிப்பும் இல்லை. வாக்கியம் எங்கு முடிகிறது என்பதைப் பதிப்பாசிரியரே முடிவு செய்கிறார். மேற்சொன்ன போன்ற ஓர் 'என்று' தொடரை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இயல்பாகவே மூன்று நான்கு வாக்கியங்களாக முறிக்கின்றனர். முறித்ததும் இறுதி வாக்கியம், கோட்டைக்குள் அரிசி ஏற்றப்படுகிறது என்னும் உறுதியான கூற்றாக நின்றுவிடும். வரலாற்று மாணவர் அதனை மேற்கோளாக எடுத்தாள்கையில் படகுக்காரரும் மைத்துனனும் காணாமற் போய்விடுகின்றனர். எனவே ஐயத்துக்கிடமான இடங்களில் தமிழ் மூலத்தையே நாட வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்றால் கூறப்படுவதன்று.

சேதி வெறும் பதிவு மட்டுமன்று, போர்க்கருவியும் ஆகும் என்பதற்கு 1748 ஜூன் நிகழ்ச்சி தக்க சான்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில் தேவனாம்பட்டணம் வந்து பொறுப்பேற்ற லாரன்சு, கடலூரைக் காக்க இயலாது என்னும் தோற்றத்தை உண்டாக்கும் வகையில் அங்கிருந்த படையையும் பீரங்கிகளையும் பகலில் வெளிப்படையாகக் கோட்டைக்கு அகற்றினார். அச்சேதி பிரெஞ்சுப் படைக்கு எட்டியது. இருள் சூழ்ந்ததும் அனைத்தையும் திரும்பக் கொணர்ந்து நிறுத்தினார். வெற்றூர் என்றெண்ணி நள்ளிரவில் ஏணிகளோடு வந்தோர் குண்டு மழையை எதிர்கொண்டு திரும்பினர். இதனை ஆங்கிலேயர் தரப்பு நூல்கள் படைத்தலைவரின் திறமாகப் போற்றுகின்றன. நாட்குறிப்பை வாசித்த கண்ணுக்கு அது வேறாகத் தெரிகிறது: அன்று பகல் கடலூரிலிருந்து சேதி கொண்டு ஓடிய ஆள், தான் கண்ணால் கண்ட உண்மையைத்தான் சொன்னான். உண்மை மாலைக்குள் காலாவதியாகிவிட்டது. அவனுக்கு மறுநாள் என்ன நேர்ந்தது?

இவ்வினாவைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய அன்றுதான் பிறமொழிச் சொற்களின் பட்டியல் என் கையிலிருந்து நழுவத் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு வாசகர்

கடலூர்க்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்த சிதம்பரம் அப்போர்களில் தப்பவில்லை. உயர்ந்த மதில்களையுடைய கோயில் படைகளுக்குக் கோட்டையாகத் தோன்றியது. 1753 இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைக்கொண்டனர். பின்னர் 1781 ஜூனில் ஐதரலியின் வீரர் காத்திருந்த அம்மதிலை ஐர்கூட் தாக்கித் தோற்றுத் திரும்பினார். பரங்கிப்பேட்டைப் போர் நிகழ்ந்தது அதற்குச் சில நாட்களின் பின்னரே. வழிபாட்டிடம் படைவீடாகிய அந்த ஆண்டுகளில் தெருக்களில் வாழ்ந்தோர் எழுதிய நாட்குறிப்பு எதுவும் நமக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் சிதம்பரம் நாட்குறிப்போடு வேறு வகையில் இணைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி, பிள்ளையின் குறிப்பை முழுதுற வாசித்து, அவரைப் பிரெஞ்சிந்தியாவின் பெப்பீசு என்னும் அடைமொழியோடு அறிமுகம் செய்யும் நூலை 1940 இல் வெளியிட்டார். அப்போது தமிழ் மூலம் அச்சில் இல்லை. ஐரோப்பாவில் உலகப் போர் மூண்டு பிரான்சு வீழ்ந்த ஆண்டு அது. அவ்வாண்டில், சிதம்பரத்தில், இன்னொரு பிரெஞ்சுத் தோல்வியின் நாட்குறிப்பைப் பற்றிய நூல் உருப்பெற்றது என்பது நூலின் பொருளுக்குத் தொடர்பற்ற தற்செயலாகலாம். செஞ்சியின் வரலாற்றையும் சென்னை நகரின் வரலாற்றையும் எழுதிய அவர்க்கு, ஓர் ஊரை அதன் போர்களின் வழி அறியும் ஈடுபாடு இருந்தது என்று மட்டும் கூறலாம்.

பெப்பீசு ஒப்புமை பிறகு எல்லார் நாவிலும் நிலைபெற்றது. அதனை நான் முழுமையாக ஏற்பதில்லை. பெப்பீசு 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில், தமக்கு மட்டுமாக எழுதினார்; பிள்ளை 25 ஆண்டுகள், எவரும் படிக்கக்கூடிய தமிழில் எழுதினார். பெப்பீசின் வாசகர் தேடிச் செல்லும் அந்தரங்கம் பிள்ளையிடம் குறைவு. ஆனால் பெரிதும் கவனிக்கப்படாத ஓர் ஒற்றுமை உண்டு. 1666 ஜூனில் ஆங்கிலேயரும் ஒலாந்தரும் கடலில் பொருதியபோது பெப்பீசு இலண்டனிலும் கிரீனிச்சிலும் இருந்து பீரங்கி ஓசையைக் கேட்டுச் செய்தியை எதிர்நோக்கியிருந்தார். போரைக் காணாது கேட்டவர் என்ற முறையில்தான் இருவரும் உடன்பிறந்தார். சீனிவாசாச்சாரி இந்நூலில் தம் துறைக்குரிய மனிதரை, ஆவணங்களுக்கிடையில் தனிக்குரலுடைய ஒரு சான்றாளரைக் கண்டார். அது அவர்தம் வாசிப்பு.

புதுவைத் தெருக்களிலிருந்து மற்றொரு வாசகர்

1945 இல் புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன், பிள்ளை நடந்த தெருக்களிலேயே வளர்ந்தவர். சிறுகதையாளராகப் பெயர் பெற்றபின் அவர் நாட்குறிப்பை மூலமாகக் கொண்டு எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய புதினங்கள் துய்மா, துய்ப்ளே ஆகியோர் காலங்களை அடுத்தடுத்துப் பேசுகின்றன. பின்னது 1995 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழ் வரலாற்றுப் புதினம் அதுவரை பெரிதும் சோழர் பல்லவர் அரண்மனைகளில் உலவியது. பிரபஞ்சனிடம் துபாஷிகளும் தாசிகளும் பணியாளரும் அடிமைகளாக விற்கப்பட்டோரும் முன்னே வருகின்றனர்.

இம்மாற்றத்தை அவர்தம் முற்போக்குக் கருத்துநிலையின் விளைவாகக் காண்போர் உளர். அது உண்மையே, எனினும் மூலநூலின் வடிவத்துக்கும் அதில் பங்குண்டு. அரசர் வரலாற்றில் பணியாளர் பெயரற்றவர். சேதிக் குறிப்பிலோ சேதி கொணர்ந்தவர் இன்றியமையாதவர். அவரின்றி வாக்கியம் தொடங்காது. பிள்ளையின் இலக்கண அமைப்பே எளியோரைப் பக்கத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது, அவர்க்கு அவ்வெளியோர்மீது தனிப்பரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெரும்பாலும் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது: மரியாதை, முதலிடம், பல்லக்கு, பீரங்கி மரியாதையின் எண்ணிக்கை ஆகியவற்றில் அவர்க்கிருந்த கருத்து, பிறர் துயரில் அத்துணைத் தெளிவாக இல்லை. அவரைப் புகழ்ந்து தியாகராய தேசிகர் பாடிய 'ஆனந்தரங்கன் கோவை'யும், சீனிவாச கவியின் வடமொழிச் சம்புவும் அவர் தம்மை எவ்வாறு காண விரும்பினார் என்பதைக் காட்டுகின்றன. நாட்குறிப்பு அவரையறியாமல் காட்டுவது மிகுதி. பிரபஞ்சன் அந்த அறியாமல் காட்டிய பகுதியிலிருந்து தம் களத்தை எடுத்துக்கொண்டார்.

எதிர்க்கரைத் துபாஷி

என் களம் எது என்பதை நான் அறிந்தது நாட்குறிப்பின் பக்கத்தில் அன்று. அதனோடு ஒப்பிட எடுத்த இராபர்ட் ஓர்மின் போர் வரலாற்றில். 1763 இல் வெளிவந்த அம்முதல் தொகுதியில், லாரன்சு தேவனாம்பட்டணம் வந்த காலத்தை விவரிக்குமிடத்தில் ஓரிரு வாக்கியங்களில் ஒரு செய்தி வருகிறது. ஆங்கிலேய ஆளுநரின் துபாஷி, துய்ப்ளேயின் மனைவியோடு மலபார் மொழியில் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தது கண்டறியப்பட்டது. அவரும் மற்றொருவரும் தூக்கிலிடப்பட்டனர். அக்கால ஐரோப்பியர் மலபார் மொழி என்றது தமிழையே. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ழான் அம்மையார் தமிழ் அறிந்தவர்.

இதனை வாசித்த மாலை நான் வேறெதையும் வாசிக்கவில்லை. ஒரு கரையில் ஒரு துபாஷி தமிழில் எழுதினார். அவர் எழுத்து 12 தொகுதிகளாக நம்முன் உள்ளது. மறுகரையில் மற்றொரு துபாஷி அதே ஆண்டுகளில், அதே போரைப் பற்றி, அதே மொழியில் எழுதினார், எழுதியதற்காகவே கொல்லப்பட்டார். முன்னவர் தமக்காக எழுதியதால் பிழைத்தது. பின்னவர் பிறர்க்காக எழுதியதால் அழிந்தது. ழான் அம்மையார் தமக்கெனத் தனியே ஒற்றரை வைத்துச் சேதி திரட்டியதைப் பிள்ளை வெறுப்போடு நோக்கியவர்; தலைமைத் துபாஷியின் வழியன்றி வரும் சேதி அவர்க்கு மதிப்புக் குறைவு. ஆகவே அம்மையாருக்கு வந்த சேதிகள் பொய்யானவை என்று அவர் எழுதும் இடங்களை, இனி ஓர் இழந்த கடிதத் தொகுதியின் நிழலாகவும் வாசிக்க வேண்டியுள்ளது. பகைமை கலந்த சான்றாயினும் சான்று சான்றே. எந்த அளவு கழிக்க வேண்டும் என்பதே வினா.

இங்கு முறையியல் பற்றி ஒன்று. இழந்த எழுத்தை ஊகத்தால் நிரப்பும் உரிமை புதின ஆசிரியர்க்கு உண்டு, ஆய்வாளர்க்கு இல்லை. எனக்கு இயல்வது மூன்று செயல்கள்: நாட்குறிப்பில் கூடலூர், தேவனாம்பட்டணம் எனத் தொடங்கும் சேதிகளைத் தனியே பிரித்தல், ஒவ்வொன்றும் எத்தனை வாய் கடந்து வந்தது, கொணர்ந்தவர் எவ்வகையினர் என்று குறித்தல், பின்னர் மெய்யானவை எவை, மறுக்கப்பட்டவை எவை என்று கும்பெனி ஆவணங்களோடு ஒப்பிடுதல். இதுவரை செய்த பகுதியில் ஒன்று தெளிவாயிற்று. வணிகர் வழி வந்த சேதிகள் சரக்கையும் கப்பலையும் பற்றியவை; கூலியாட்கள் வழி வந்தவை சுமையையும் தோண்டும் வேலையையும் பற்றியவை. ஒவ்வொருவரும் தம் தோளுக்கு எட்டிய போரையே சொன்னார்கள்.

சுமை என்பது உருவகம் அன்று. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் கரையிறங்கிய லாலி அன்றிரவே கடலூரை நோக்கிப் படையைச் செலுத்தினார். வண்டியும் மாடும் இன்றி, புதுச்சேரிக் குடிகளைச் சாதி வேறுபாடு பாராது இழுத்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்ததை ஓர்ம் உள்ளிட்டோர் பதிந்துள்ளனர். மே தொடக்கத்தில் கடலூரும் ஜூன் 2 அன்று புனித டேவிட் கோட்டையும் வீழ்ந்தன. கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1690 இல் அக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு விழுந்த எல்லைவரை நிலம் தமக்குரியது என்பது உடன்பாடு; அவ்வாறு அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டால் எல்லை பெற்ற ஊர் குண்டாலேயே எல்லை இழந்தது என்று எழுதத் தோன்றும். அவ்வாறு எழுதி, பின் அடித்துவிட்டேன்; அணி நன்றாயிருந்ததே தவிர, அதனுள் சுமை தூக்கியவர் எவரும் இல்லை. அப்போது பிள்ளை பதவியிழந்து, நோயுற்று, ஒதுக்கப்பட்டிருந்தார். 1746 இல் வெற்றிச் சேதி கேட்டுப் பரிசு வழங்கும் இடத்திலிருந்தவர், 1758 இல் கேட்பவராக மட்டும் எஞ்சினார். சேதி கொணர்வோர் ஒருவர் வாயிலை எப்போது நாடுவர், எப்போது தவிர்ப்பர் என்பதையும் இவ்விரு ஆண்டுகளின் பக்கங்களை அருகருகே வைத்தால் அளவிடலாம்.

இளம் ஆய்வாளர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. நாட்குறிப்பை வாசிக்கும்போது பொருளடைவைக் கொண்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஏதேனும் ஓராண்டையேனும் நாள் வரிசையில் முழுதும் படிக்கவும். உடன் ஒரு தனித்தாளில், ஆய்வுக்குத் தொடர்பின்றித் தாம் நின்றுவிடும் இடங்களைக் குறித்து வைக்கவும். நான் அவ்வாறு வைத்த தாளில் 41 இடங்கள் இருந்தன. அவற்றுள் என் பதிவுத் தலைப்புக்குரியவை இரண்டு. முப்பதுக்கு மேற்பட்டவை, சேதி கொணர்ந்த யாரோ ஒருவர் வாயிற்படியில் காத்திருந்த இடங்கள்.

அத்தாளை நெறியாளரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பழைய அட்டைகளை எறிந்துவிட வேண்டாம் என்றார். அது சரியான அறிவுரை என்று பின்னர் உணர்ந்தேன். சேதி, தபால், காகிதம், ஒற்று, உளவு, வதந்தி ஆகிய சொற்களுக்குரிய அட்டைகள் புதிய பேழையின் முன்வரிசைக்கு வந்துள்ளன. ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்த இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு, 1782 இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி 1783 ஜூனில் மீண்டும் போர்க்களமான கடலூரின் காலத்தையும் உள்ளடக்கியது. அடுத்து வாசிக்க எடுத்து வைத்திருப்பது அதுவே. தலைப்பு மாற்றம் கோரும் விண்ணப்பத்தில், மாற்றத்துக்குரிய காரணம் என்னும் கட்டத்தில் ஒரு வரிக்கே இடமிருந்தது. தேவனாம்பட்டணத்துத் துபாஷியின் கடிதங்கள் என்று எழுதினேன்.